உப்புக்காற்றில் ஓர் ஒளிக்கூடம்: இராமநாதபுரம் கடற்கரையில் டிஜிட்டல் நிறுவல் அமைக்கத் தொடங்குவோருக்கு

ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பியல் போன்ற துறைகளில் பயிலும் மாணவர்கள் பலரும், ஓர் அறையின் சுவர்களையும் தரையையும் நகரும் ஒளியால் நிரப்பி, பார்வையாளரை அதன் நடுவே நிற்கவைக்கும் டிஜிட்டல் நிறுவல்களைச் செய்து பார்க்க விரும்புகிறார்கள். சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1992இல் அப்படியொரு அறையை ஆய்வாளர்கள் உருவாக்கியபோது, அதை இயக்க ஆய்வகக் கணினிகள் தேவைப்பட்டன. இன்று நல்ல கிராஃபிக்ஸ் அட்டையுள்ள ஒரு மடிக்கணினியும் வாடகைக்கு எடுத்த இரண்டு புரொஜெக்டர்களும் இருந்தால், அதன் அடிப்படையை ஒரு பள்ளி வகுப்பறையிலேயே அமைத்துவிடலாம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் என நீளும் கரையோரத்தில் முதன்முறையாக இதைச் செய்ய வருபவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் முதலில் கருவியைப் பேசி முடித்துவிட்டு, அதன் பிறகே அதை எங்கே வைப்பது என்று தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் இருளைத் தேடுங்கள். அடுத்து ஒளி விழும் பரப்பை முடிவு செய்யுங்கள். பிறகு அளவெடுத்துக் கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கு சொல்லும் கருவியை மட்டும் வாடகைக்கு எடுங்கள்.

இடமும் இருளும்

புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை உண்டாக்க முடியாது. படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் அது ஒளியை விடாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் படத்தின் கறுப்பு என்பது அந்த அறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சமே. பெட்டிக்கடையின் ஒரு டியூப்லைட்டோ ஐந்நூறடி தள்ளி நிற்கும் உயர்கோபுர விளக்கோ உங்கள் ஆழ்கடலைச் சாம்பல் நிறமாக்கிவிடும். இடம் பார்க்கப் பகலில் போகாதீர்கள். சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்துப் போய், விளக்குகளை அணைக்கச் சொல்லி, கண் பழகும்வரை ஐந்து நிமிடம் நின்று, எந்தச் சந்திலிருந்து ஒளி கசிகிறது என்று பாருங்கள்.

முதல் முயற்சிக்கு மூடிய அறையையே பரிந்துரைப்பேன். ஊர்ச் சமுதாயக்கூடம், விடுமுறைக் காலப் பள்ளி வகுப்பறை, கரையோரத்தில் உள்ள வலை பின்னும் கூடம், மீன் ஏலக்கூடம் ஆகியவை நல்ல இடங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், அக்காலத்தில் ஏலக்கூடங்களில் நெரிசல் குறைவு. ஊராரும் மாலையில் வந்து பார்க்க நேரமுள்ளவர்களாக இருப்பார்கள். ஆனால் ஏலக்கூடம் பக்கங்கள் திறந்த கட்டடமாதலால், மூன்று பக்கமும் கறுப்புத் தார்ப்பாய் கட்ட வேண்டியிருக்கும். எந்தக் கூடமானாலும் ஊர்த் தலைவரையும் மீனவர் சங்கத்தாரையும் நேரில் பார்த்து, என்ன செய்யப் போகிறோம், எத்தனை நாள், மின்சாரத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெறுங்கள். நாட்டுப்படகுகள் தடைக்காலத்திலும் கடலுக்குப் போகும் என்பதால், அவர்கள் மீன் இறக்கும் நேரத்தில் கூடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது.

திறந்த கடற்கரையில் ஒளி பாய்ச்சும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) இக்கரைகளில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் பொரிந்து வர ஏறக்குறைய 45 முதல் 60 நாள்கள் ஆகும். மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, இருட்டில் மிக வெளிச்சமாகத் தெரியும் திசையைக் கடல் என்று நம்பி நகரும். உங்கள் திரை நிலத்தின் பக்கம் இருந்தால் குஞ்சு அந்தப் பக்கமே போய்ச் சாகும். எனவே ஜனவரியிலிருந்து மே வரை மணற்கரையில் இரவு ஒளி வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தின்மீது படம் காட்டலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு அங்கே பொதுமக்கள் தங்க அனுமதி கிடையாது. அந்தச் சுவர்களும் ஆணியையோ கம்பத்தையோ தாங்கும் நிலையில் இல்லை. மற்ற மாதங்களில் வெளியில்தான் அமைப்பேன் என்பவர்கள் காற்றை அறிந்துகொள்ள வேண்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் கொந்தளித்து மணலை வாரி இறைக்கும். பாக் நீரிணைப் பக்கமான வடகடல் அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியதும் இது தலைகீழாகிவிடும்.

பரப்பைத் தேர்ந்தெடுத்தல்

வெள்ளையடித்த சுவர் எளிய பரப்பு. அதில் படம் தெளிவாக விழும், ஆனால் பார்வையாளர் படத்துக்கு வெளியே நின்றுவிடுவார். அவரை உள்ளே இழுக்க வேண்டுமானால், ஒளி ஊடுருவிச் செல்லும் பரப்புகளை அடுக்க வேண்டும். அதற்கு மிக மலிவான பொருள் வெள்ளைக் கொசுவலை. அறையின் குறுக்கே ஒரு மீட்டர் இடைவெளியில் மூன்று கொசுவலைகளைத் தொங்கவிட்டு ஒரே புரொஜெக்டரால் ஒளி பாய்ச்சினால், முதல் வலை சிறிது ஒளியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கடத்தும்; இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே செய்யும். புரொஜெக்டரிலிருந்து விலக விலகப் படம் பெரிதாகும் என்பதால், நீந்தும் ஓர் உருவம் முதல் வலையில் சிறிதாகவும் பிரகாசமாகவும், அடுத்ததில் சற்றுப் பெரிதாகவும் மங்கலாகவும், கடைசி வலையில் இன்னும் பெரிதாகி நீரில் கரைவது போலவும் தெரியும். குவியத்தை நடு வலையில் வையுங்கள். முன்னும் பின்னும் வரும் லேசான மங்கல் ஆழத்தைக் கூட்டும். வலைகளுக்கிடையே மனிதர் நடக்க வழிவிட்டால் அவர்மீதும் ஒளி விழும், அவர் நிழலும் பின் வலையில் சேரும். படத்தில் நேர்கோடுகளும் எழுத்தும் இருந்தால் இந்த அமைப்பு பொருந்தாது. கடற்பாசி, மீன்கூட்டம், குமிழ், மழை போன்ற ஒழுங்கற்ற உருவங்களுக்கே பொருந்தும்.

மீன்வலையையே பயன்படுத்த விரும்புவது இயல்பு. ஆனால் ஒற்றை நைலான் இழையாலான நரம்பு வலை ஒளியைப் பெரும்பாலும் கடத்திவிடும். அங்கங்கே மின்னுமே தவிரப் படம் பிடிக்காது. பழைய வெள்ளை நூல் வலையை இரண்டு மடிப்பாகப் போட்டால் ஓரளவு பிடிக்கும். படகின் பக்கவாட்டில் படம் காட்ட நினைப்பவர்கள் வண்ணத்தைக் கவனிக்க வேண்டும்: நீலச் சாயம் பூசிய பலகை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், பச்சைச் சாயமும் அப்படியே. உரிமையாளரின் அனுமதியோடு வெள்ளைத் துணி போர்த்திக்கொள்வதே வழி.

அறை சிறியதாக இருந்து, பார்வையாளரின் நிழல் விழக்கூடாது என்றால், துணிக்குப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சலாம். தோல்பாவைக்கூத்துக் கலைஞர்கள் விளக்கையும் பாவையையும் வெள்ளைத் துணிக்குப் பின்னால் வைத்துப் பல தலைமுறைகளாகச் செய்துவருவது இதே முறைதான். மெல்லிய துணியானால் புரொஜெக்டரின் லென்சே ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கண்ணைக் கூசச் செய்யும். வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி, புரொஜெக்டரைப் பார்வையாளரின் கண்மட்டத்துக்கு மிகக் கீழேயோ மேலேயோ வைத்துச் சாய்த்தால் அந்தப் புள்ளி மறைந்துவிடும். பின்னாலிருந்து காட்டும்போது படம் இடவலமாக மாறும். புரொஜெக்டரின் அமைப்புப் பட்டியலில் இதைத் திருப்பும் வசதி இருக்கிறது.

அளவெடுத்தலும் கணக்கும்

ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு அறையின் நீளம், அகலம், உயரம், கதவு, உத்தரம், மின்விசிறி ஆகிய அனைத்தையும் வரைந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு கணக்குகள் போதும்.

முதலாவது, தொலைவு விகிதம். புரொஜெக்டருக்கும் பரப்புக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது இது. கருவியின் விவரத்தாளில் அச்சிட்டிருப்பார்கள். விகிதம் 1.5 என்றால், 4 மீட்டர் அகலப் படத்துக்கு 6 மீட்டர் பின்னால் போக வேண்டும். குறுந்தொலைவுக் கருவியின் விகிதம் 0.5 என்றால் 2 மீட்டரே போதும். வகுப்பறைகளுக்குக் குறுந்தொலைவுக் கருவி ஏற்றது. மேலே சொன்ன வலை அடுக்குக்கு நீண்ட தொலைவுக் கருவி நல்லது. குறுந்தொலைவில் வலைக்கு வலை படம் மிக வேகமாகப் பெருத்துவிடும்.

இரண்டாவது, வெளிச்சம். கருவி வெளியிடும் மொத்த ஒளியின் அளவான லூமெனைப் படத்தின் பரப்பளவால் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவான லக்ஸ் கிடைக்கும். 3500 லூமென் கருவி 4 மீட்டர் அகலமும் 2.25 மீட்டர் உயரமும் கொண்ட படத்தை வீசினால், பரப்பு 9 சதுர மீட்டர். விழும் ஒளி ஏறத்தாழ 390 லக்ஸ். அதையே 6 மீட்டர் அகலத்துக்கு விரித்தால் 173 லக்ஸாகக் குறைந்துவிடும். திரையரங்குகளின் தர அளவை வெள்ளைத் திரைக்குக் கணக்கிட்டால் சுமார் 150 லக்ஸ்தான் வருகிறது என்பதை நினைவில் வைத்தால், நன்றாக இருட்டிய அறைக்கு மாபெரும் கருவி தேவையில்லை என்பது விளங்கும். வலை அடுக்குக்கு மட்டும், ஒவ்வொரு வலையும் ஒளியில் ஒரு சிறு பகுதியையே பிடிக்கிறது என்பதால், இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் மலிவாக விற்கப்படும் சிறு கருவிகளின் பெட்டியில் பல ஆயிரம் லூமென் என்று போட்டிருக்கும். அன்சி லூமென் (அமெரிக்கத் தர நிர்ணய முறையில் அளந்த லூமென்) என்று தெளிவாகக் குறிப்பிடாத எண்ணை நம்ப வேண்டாம்.

இரண்டு கருவிகளின் படங்களை ஒட்டவைத்து ஒரே நீண்ட படமாக்க, விளிம்புகள் 15 சதவீதம் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அந்தப் பட்டையில் இரு பக்க ஒளியையும் மென்பொருள் படிப்படியாகக் குறைத்துக் கலக்கும். இரண்டு கருவிகளும் ஒரே மாதிரியாகவும் ஏறக்குறைய ஒரே வயதுடையவையாகவும் இருக்கட்டும். பழைய விளக்கு மங்கி மஞ்சளடித்திருந்தால் எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

கல்யாண மண்டபங்களிலும் திருவிழாக்களிலும் வைக்கும் எல்.இ.டி. சுவர் எளிதில் வாடகைக்குக் கிடைப்பதால், அதையே எடுத்தாலென்ன என்று கேட்கிறார்கள். பிக்சல்களுக்கிடையே 3.91 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பி 3.91 வகையில், அரை மீட்டர் பலகை ஒன்றில் பக்கத்துக்கு 128 பிக்சல்கள் இருக்கும். 4 மீட்டர் அகலச் சுவரில் 1024 பிக்சல்கள்தான் வரும். குறைந்தது 4 மீட்டர் தள்ளி நின்றால்தான் புள்ளிகள் கலந்து படமாகும். மூடிய அறையில் அதன் வெளிச்சத்தைப் பத்திருபது சதவீதத்துக்குக் குறைத்தாலும், அறை முழுவதும் அதன் ஒளி பரவி வலைகளின் மாயத்தைக் குலைத்துவிடும். இருட்டும் முன்பே, திறந்த வெளியில் காட்டியாக வேண்டுமென்றால் மட்டும் அது சரியான தேர்வு.

உள்ளடக்கம்

கணினியைத் திறப்பதற்கு முன், ஒரு பகல் ஒதுக்கி இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். சேதுபதிகள் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், சுவர், தூண், வளைவு, விதானம் என்று ஓரிடம் விடாமல் தீட்டப்பட்ட அந்தக் கூடத்தில், கதை பட்டைப் பட்டையாகப் பிரிக்கப்பட்டு, பார்வையாளர் நடந்துகொண்டே பார்க்கும்படி அமைந்திருக்கிறது. எந்த இடத்தில் நின்றாலும் கண்ணுக்கு ஏதேனும் ஒரு காட்சி முழுமையாகக் கிடைக்கிறது. முழுக் கூடத்தையும் ஒரே பார்வையில் யாரும் பார்த்துவிட முடிவதில்லை. சூழ்ந்து நிற்கும் ஒளிப்படைப்புக்குத் தேவையான பாடம் இதுவே: சினிமாபோல ஒரு மையத்தை வைத்து எல்லோரையும் அங்கேயே பார்க்க வைக்காதீர்கள். அந்த ஓவியங்கள்மீது ஒளி பாய்ச்சுவதை மட்டும் நினைத்தும் பார்க்க வேண்டாம். பென்சிலும் நோட்டும் போதும்.

காட்சிகளை இங்கிருந்தே எடுங்கள். நீல ஆழ்கடலும் வண்ண மீன்களும் கொண்ட ஆயத்தக் காணொளிகளை விலைகொடுத்து வாங்கினால், அவை எந்தக் கடலாகவும் இருக்கலாம். இந்தக் கடலாக இருக்காது. பாம்பன், மண்டபம் பகுதிகளில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எழுவது, கீழக்கரையின் சங்கு, ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் வெளி, பனையோலையின் நிழல், கரையேறிய வல்லம் என்னும் மரப்படகின் அடிப்பலகையில் ஒட்டிய சிப்பி ஆகியவற்றில் எதையேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நெருங்கிப் பாருங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குட்பட்ட 21 தீவுகளுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பதால் டிரோன் யோசனையையும் கைவிடுங்கள். மனிதர்களைப் படமெடுக்கும்போது, “அக்கா, இதைச் சுவர் முழுக்கப் பெரிதாகக் காட்டப் போகிறோம், உங்கள் ஊர்க்காரர்களும் பார்ப்பார்கள், உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டு, எடுத்ததை அவரிடமே போட்டுக்காட்டிய பிறகு பயன்படுத்துங்கள். ஈர உடையில் இருக்கும் பெண்ணின் உருவம் பத்தடி உயரத்தில் தெரியும்போது அது வேறு பொருள் தரும் என்பதை எடுப்பவர்தான் முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஒலிக்கும் இதே அக்கறை வேண்டும். அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு பீசோ தகட்டை, நீர்புகாதபடி ரப்பர் பூசி, படகுத்துறையிலிருந்து கயிற்றில் இறக்கிப் பதிவுசெய்தால், பாறையோர நீருக்குள் சொடுக்கு இறால்கள் எழுப்பும், எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற சடசடப்பு கேட்கும். பின்னணி இசை எதுவும் இல்லாமல் அந்த ஒலியை மட்டும் நான்கு மூலைகளிலிருந்து மெதுவாக விட்டாலே அறை நீருக்கடியில் போய்விடும்.

மென்பொருளும் உணரியும்

காட்சிகளை உருவாக்க பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருள் இலவசம். அவற்றைப் பரப்புக்கேற்ப வளைத்துப் பொருத்த ரெசலூம் அரீனா, மேட்மேப்பர் போன்றவை பயன்படும். பார்வையாளரின் அசைவுக்கு எதிர்வினை தரும் படைப்புக்கு டச்டிசைனர் ஏற்றது. வணிக நோக்கமற்ற அதன் இலவசப் பதிப்பு 1280 பிக்சலுக்கு மேல் படம் தராது, ஆனால் வலைப்பரப்புக்கு அந்த நுணுக்கமே போதும். நிரல் எழுத விரும்புவோர் புராசஸிங் என்னும் நிரல்மொழியில் தொடங்கலாம். ஒரே நேரத்தில் பல காணொளி அடுக்குகளை ஓட்டும்போது வழக்கமான எம்.பி.4 கோப்புகள் திணறும். ஹேப் என்னும் காணொளிக் குறிமுறைக்கு மாற்றி எஸ்.எஸ்.டி. வட்டில் வைத்தால் சீராக ஓடும்.

அசைவை அறிய வெப்கேமரா வைத்தால், இருட்டில் அதற்கு ஒன்றும் தெரியாது. அல்லது உங்கள் படத்தையே அசைவு என்று எடுத்துக்கொள்ளும். அகச்சிவப்பு விளக்கும், அந்த ஒளியை மட்டும் பார்க்கும் கேமராவும் இதற்குத் தீர்வு. அதற்கு வழியில்லாதவர்கள் அர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையோடு மீயொலி உணரியை இணைத்தால், 4 மீட்டருக்குள் யாரோ நெருங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். முதல் படைப்புக்கு அதுவே நிறைவு: ஆள் நெருங்கினால் மீன்கூட்டம் விலகட்டும்.

மின்சாரம், உப்பு, வெக்கை

இரண்டு புரொஜெக்டருக்கு 600 வாட், மடிக்கணினிக்கு 200, ஒலிபெருக்கிகளுக்கு 200, காற்றுப்போக்கிக்கு (எக்ஸாஸ்ட் விசிறி) 150 என்று வைத்தால் மொத்தம் 1150 வாட், அதாவது 5 ஆம்பியர். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எல்லாவற்றையும் செருகாமல், 16 ஆம்பியர் இணைப்பிலிருந்து தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரானால் 3 கே.வி.ஏ. எடுங்கள், கணினியையும் புரொஜெக்டரையும் ஜெனரேட்டரோடு நேராக இணைக்காமல் நடுவில் யு.பி.எஸ். வைப்பது கட்டாயம். ஈரமும் உப்பும் உள்ள கரையில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்து, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பானைப் பொருத்தாமல் பொதுமக்களை உள்ளே விடாதீர்கள். ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் பத்து மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். நீளம் தேவையென்றால் ஒளியிழை வகையைக் கேளுங்கள்.

தகரக்கூரையின் கீழ், கறுப்புத் தார்ப்பாய்க்குள், மே மாதத்தில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடும். புரொஜெக்டர் தானே அணைந்துவிடும். அதன் பின்புறச் சூடான காற்று வெளியே போக ஒரு காற்றுப்போக்கியும் தார்ப்பாயின் அடியில் காற்று நுழைய ஓர் அடி இடைவெளியும் விடுங்கள். இரவுகளில் கருவியைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். வடிகட்டியிலுள்ள மணலை மென்தூரிகையால் எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரத்தில் உப்பு ஒட்டிக்கொள்ளும். இரவு ஈரத்தில் நைலான் கயிறு நெகிழ்ந்து வலை ஓரிரு விரற்கடை இறங்கியிருக்கும் என்பதால், தினமும் மாலையில் கட்டங்கள் கொண்ட சோதனைப் படத்தை வீசி, கயிற்றை இறுக்கிய பிறகே காட்சியைத் தொடங்குங்கள்.

பார்வையாளர் வரும்போது

வெளிச்சத்திலிருந்து வருபவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. வாசலுக்கும் அறைக்கும் நடுவில் மங்கலான சிறு நடையொன்றைத் துணியால் அமைத்தால் கண் பழகிவிடும். வயர்கள் தரையில் கிடக்கவே கூடாது. வெளியேறும் வழியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எப்போதும் எரியட்டும். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகள் வலிப்பு நோயுள்ளவர்களைத் தாக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகள் லென்சை எட்டிப் பார்ப்பார்கள். கருவியைத் தலைக்கு மேலே சவுக்குக் கம்பில் உறுதியாகக் கட்டி, கூடுதலாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள்.

நிறுவலைப் பிரிக்கும் நாளை ஒரு முழு நாளாகவே திட்டத்தில் வையுங்கள். அவிழ்த்த வலைத்துண்டு, பிளாஸ்டிக் கட்டு, டேப் ஆகிய எதுவும் மணலில் விடப்படக் கூடாது. காற்றில் பறந்து கடலில் விழும் வலைத்துண்டில் ஆமையும் மீனும் சிக்கும். கூடத்தின் சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கிப் பூசிக்கொடுங்கள். படத்தில் வந்தவர்களுக்கு அவர்களுடைய காட்சிகளைப் பென்டிரைவிலோ கைப்பேசியிலோ கொடுத்துவிட்டு, வாடகைக் கருவியை வடிகட்டி துடைத்த நிலையில் திருப்பி ஒப்படையுங்கள்.